நியூயார்க்கில் வாடகை வீடா? ஹவுஸ் ஓனரின் ஜாதகத்தை முதலில் பாருங்கள்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வீடு எடுக்கும் முன் கட்டடத்தின் புகார் பட்டியலை நானும் பார்த்தேன். பார்த்தும் ஏமாந்தேன், ஏனென்றால் தப்பாகப் படித்தேன். அந்த ஜனவரியில் ஹீட் இல்லாமல் குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுத் தூங்க வைத்தோம்.

படி 1: நகர வீட்டுவசதித் துறையின் ‘ஹெச்பிடி ஆன்லைன்’ தளத்தில் முகவரியைத் தேடுங்கள். இலவசம். குவீன்ஸ் வீட்டு எண்ணில் நடுவே வரும் சிறு கோட்டையும் (-) சேர்த்துப் போடுங்கள்.

படி 2: புகார் வேறு, விதிமீறல் வேறு. வாடகைக்காரர் நகரத்தின் உதவி எண்ணான 311-க்குப் போன் செய்தால் அது புகார். இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து எழுதினால்தான் விதிமீறல். நான் வழுக்கியது இங்கேதான். எல்லாப் புகாருக்கும் எதிரே ‘குளோஸ்டு’ என்றிருந்தது. சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தபோது வீடு பூட்டியிருந்தாலும் புகாரை மூடிவிடுவார்கள்! நேர்மாறாக, வேலை முடிந்தும் ஓனர் சான்று கொடுக்காவிட்டால் விதிமீறல் திறந்தே கிடக்கும். அதனால் எண்ணிக்கையை விடுங்கள், தேதிகளைப் பாருங்கள். ‘ஹீட் சீசன்’, அதாவது ஓனர் ஹீட் கொடுத்தாக வேண்டிய காலம், அக்டோபர் 1 முதல் மே 31 வரை. வருஷா வருஷம் அதே மாதங்களில் ஹீட் புகார் வந்தால் பாய்லரில் ஏதோ கோளாறு.

விதிமீறலில் ஏ, பி, சி என்று மூன்று முக்கிய வகை. ஏ சில்லறை, 90 நாள் அவகாசம். பி-க்கு 30 நாள். சி உடனடி ஆபத்து. ஹீட், சுடுதண்ணீர் இல்லாதது இதில்தான் வரும். சி அடிக்கடி வந்தால் அந்த வீடு வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

படி 3: ஓனர் பெயர். பத்திரத்தில் ஆள் பெயருக்குப் பதில் பெரும்பாலும் ஏதோ ஒரு எல்எல்சி கம்பெனி இருக்கும், கட்டடத்துக்கு ஒன்றாக. நகரத்தின் பத்திரப் பதிவுகள் உள்ள ‘ஏக்ரிஸ்’ தளத்தில் பத்திரங்களைத் தோண்டலாம். எனக்கு அதில் பொறுமை போய்விடும். ஜஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் ‘ஹூ ஓன்ஸ் வாட்’ தளம் போதும். ஒரே ஆளோடு தொடர்புள்ள மற்ற கட்டடங்களையும் கோத்துக் காட்டும். அங்கே அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்.

படி 4: லிஃப்ட், அனுமதியில்லாத கட்டுமானம் எல்லாம் கட்டடத் துறையின் கணக்கு. அவர்களின் பழைய தளம் ‘பிஸ்’, புதிய தளம் ‘டாப் நவ்’. இரண்டையும் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஸ்டேட்டன் ஐலண்ட் நண்பர் ஒருவர் ஏக்ரிஸில் ஒன்றுமே வரவில்லை என்றார். வராது. அந்தப் பகுதிப் பத்திரங்கள் ரிச்மண்ட் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கின்றன.