பூட்டிக் கிடக்கும் பூங்காக் கண்ணாடி மாளிகையை மீட்பது எப்படி?

பிரிட்டனில் நீங்கள் குடியிருக்கும் ஊர்ப் பூங்காவில் விக்டோரியா காலத்துக் கண்ணாடி மாளிகை ஒன்று வேலி போட்டுப் பூட்டிக் கிடந்தால், "கவுன்சிலிடம் காசு இல்லையாம்" என்று கேட்டுவிட்டு நகர்ந்து போய்விடாதீர்கள். லிவர்பூல் செஃப்டன் பூங்காவின் பாம் ஹவுஸும் (பனை வகை மரங்களை வளர்க்கும் கண்ணாடி மாளிகை) அப்படித்தான் கிடந்தது. ஹென்றி யேட்ஸ் தாம்சன் கொடுத்த 10,000 பவுண்டில் கட்டி 1896இல் திறந்த மாளிகை அது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் கண்ணாடி நொறுங்கிப்போய், 1950இல் மறுபடி போட்டு, அப்புறம் கவனிப்பாரில்லாமல் துருவேறி, 1980களில் ஆபத்து என்று மூடிவிட்டார்கள். அதைத் திறக்க வைத்தது ஊர் ஜனங்கள்தான்.

முதலில் போய் நன்றாகப் பாருங்கள். வேலிக்கு வெளியே நின்றாலே நிறையத் தெரியும்: எந்தக் கண்ணாடி விழுந்திருக்கிறது, கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த பட்டிப் பசை (putty) எங்கே காய்ந்து உதிர்கிறது, கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் செடி முளைத்திருக்கிறதா, தூணில் துருக்கோடு எங்கிருந்து இறங்குகிறது. விக்டோரியா காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் வார்ப்பிரும்புத் தூண் உள்ளே வெற்றாக இருக்கும், மழைநீர் இறங்கும் குழாயே அதுதான். இலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தூணுக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்றிருந்தாலும். அதனால் கவுன்சிலிடம் வைக்கும் முதல் கோரிக்கை அடைப்பை எடுக்கச் சொல்வதாக இருக்கட்டும். பெரிய செலவில்லை, மறுக்கவும் முடியாது. மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது காகிதம். "பாதுகாப்பில்லை" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாமல், அதைச் சொன்ன பொறியாளரின் அறிக்கையையும் செலவு மதிப்பீட்டையும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைக் கவனிக்கும் அமைப்பு இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து. பட்டியலில் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பட்டியலில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் விண்டர் கார்டன்ஸ் என்ற கண்ணாடி மாளிகை உயர்ந்த 'ஏ' பிரிவில்தான் இருக்கிறது; 1983இல் மூடிய அது, கண்ணாடியெல்லாம் போய் இரும்புக்கூடாகத்தான் நின்றது.

பணம் திரட்டுவதில் லிவர்பூல்காரர்கள் செய்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1992இல் பொதுக்கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், ஆளுக்கொரு கண்ணாடிக்குப் பணம் கட்டுங்கள் என்று கேட்டார்கள். வந்தது 35,000 பவுண்ட். முழுச் செலவு 25 லட்சம் பவுண்டைத் தொட்டது என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகைதான், ஆனாலும் ஓரளவு பழுது பார்த்து 1993இல் கதவைத் திறக்க அது உதவியது. மீதிக்கு லாட்டரி வருமானத்திலிருந்து தரும் பாரம்பரிய நிதியும் ஐரோப்பிய நிதியும் பின்னால் வந்தன, 2001இல் முழுசாகத் திறந்தார்கள். என்னைக் கேட்டால், இணையத்தில் கையெழுத்து வாங்குவதைவிட இப்படிக் கண்ணாடிக்குப் பணம் கேட்பதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கையெழுத்துப் போட்டவர் மறந்துவிடுவார், ஒரு கண்ணாடிக்குக் காசு கொடுத்தவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து என் கண்ணாடி என்னாச்சு என்று கேட்பார். பணம் கேட்கத் தொடங்குவதற்குள் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். தனி ஆள் கணக்கில் ஒரு பவுண்ட்கூட வாங்காதீர்கள்.

பெரிய நிதி கொடுப்பவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்பது, திறந்த பிறகு பராமரிப்புக்குக் காசு எங்கிருந்து வரும் என்பதைத்தான். பாம் ஹவுஸில் கல்யாணமும் கச்சேரியும் நடக்கின்றன, அந்த வாடகை பராமரிப்புக்கு உதவுகிறது. இந்த இடத்தில் நம்மவர்கள் நிறையவே செய்யலாம். பொங்கல் விழாவுக்கும் அரங்கேற்றத்துக்கும் மண்டபம் தேடி அலையும் தமிழ்ச் சங்கமோ தமிழ்ப் பள்ளியோ உங்கள் ஊரில் இருந்தால், வருஷத்தில் எத்தனை நாள் எடுப்போம், எத்தனை பேர் வருவோம், எவ்வளவு வாடகை தர முடியும் என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நிதி விண்ணப்பத்தோடு அதையும் இணைத்து அனுப்பலாம்.