தோள்பட்டை வலி: ரொட்டேட்டர் கஃப் பழுதுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள்

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள் உயரத்தை நெருங்கியதும் சுரீரென்று வலித்து, தலைக்கு மேல் போனபின் அந்த வலி தணிந்துவிடுகிறதா? வலிக்கும் பக்கம் புரண்டு படுத்தால் நடு இரவில் விழிப்பு வந்துவிடுகிறதா? அப்படியானால் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தசைத் தொகுதியில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

தோள் மூட்டில் பந்து பெரியது, அது உட்காரும் குழியோ ஆழமற்றது. தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு தசைகள், தங்கள் தசைநாண்களால் அந்தப் பந்தைச் சுற்றிப் பற்றிக்கொண்டு குழியின் நடுவில் நிறுத்துகின்றன. இவற்றுள் மேற்புறமாக ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. திடீரென்று கூடிய வேலை, உதாரணமாக இரண்டு நாள் தொடர்ந்து வீட்டுக்கு வெள்ளையடித்தது, இதற்குக் காரணமாகலாம், வயதும் காரணமாகலாம்.

முதலில் ஒரு சோதனை. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்புங்கள். பிறகு வீட்டில் ஒருவரை அதே கையை மெதுவாக வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அவர் நகர்த்தும்போது மறு கையளவுக்குத் தாராளமாகப் போனால் இந்தப் பயிற்சிகள் உங்களுக்குப் பொருந்தும். அவர் நகர்த்தினாலும் பாதியில் இறுகி நின்றுவிட்டால் அது சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். அதற்கு வழி வேறு என்பதால் மருத்துவரைப் பாருங்கள். விழுந்து அடிபட்டபின் கையைத் தூக்கவே முடியாமற்போனாலும், காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தாலும் தாமதிக்கக் கூடாது. தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அடுத்து, சுமையைக் குறையுங்கள், ஆனால் கையை முடக்கிவிடாதீர்கள். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் ஓய்வெடுப்பது, என் கருத்தில், நம்மிடையே மிக அதிகமாக நடக்கும் தவறு. தசை இன்னும் மெலிந்துபோகும். பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது போன்ற வேலைகளை மட்டும் சில வாரங்கள் பிறரிடம் விட்டுவிடுங்கள். இரவில் மல்லாந்து படுத்து, மேற்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் தூக்கம் கலைவது குறையும்.

வலி கடுமையாக இருக்கும் நாட்களில், மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பின் அசைவால் அது சிறு வட்டமாக ஆடும்படி ஒரு நிமிடம் விடுங்கள்.

வலி சற்று அடங்கியதும் சுவர்ப் பயிற்சிக்கு வரலாம். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, மடக்கிய முன்கையின் வெளிப்புறத்தைச் சுவரில் பதித்து, கை நகராமல் 30 நொடி தள்ளுங்கள். இப்படி ஐந்து முறை.

முக்கியமான பயிற்சி இதற்குப் பிறகுதான் வருகிறது. ரப்பர் பட்டையைச் சன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டி, வலிக்கும் கை சன்னலுக்கு அப்பாற்பட்ட பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். மடித்த ஒரு சிறு துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வயிற்றருகே இருக்கும் கையை வெளியே இழுத்து, மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப விடுங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலாவை விட்டு விலகிவிட்டது என்று பொருள். பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள் போதும்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அல்லது நான்கு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது கூடுதலாகவே நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

ஸ்கேன் எடுத்து ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். 60 வயதைத் தாண்டிய பலருக்கு, வலியே இல்லாதபோதும், இத்தகைய கிழிசல் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணித்துப் பயிற்சிக்கு இடம் கொடுக்கும். பயிற்சிக்கு அது மாற்று ஆகாது.

ஏறத்தாழ 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். இடையில் வலி அனுமதித்தால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தோள் உயர அலமாரியில் வைத்து இறக்கிப் பழகுங்கள். அது எளிதானபின் அதற்கு மேல்தட்டு. பன்னிரண்டு வாரம் கழித்தும் முன்னேற்றம் இல்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். எத்தனை வாரம், எந்தப் பயிற்சி செய்தீர்கள் என்று குறித்து வைத்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.