பழைய பெர்ஃபார்மன்ஸ் எஸ்யூவி தினசரி ஓட்ட வாங்குறீங்களா? முதல்ல செலவு கணக்கு

போர்ஷே கயேன் டர்போ, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம் மாதிரி வண்டி பழசானா விலை மடமடன்னு இறங்கிடும், ஆனா பார்ட்ஸ் விலை மட்டும் இறங்காது, புது வண்டிக்காரர் குடுக்குற அதே காசுதான் நீங்களும் குடுக்கணும், இத மனசுல வெச்சுட்டு கணக்கு போடுங்க.

பெட்ரோலுக்கு கம்பெனி சொல்ற மைலேஜ நம்பாதீங்க, டிராஃபிக்ல அது வரவே வராது. டேங்க் ஃபுல் பண்ணி ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணி, ஓடுன கிலோமீட்டர போட்ட லிட்டரால வகுத்தாதான் நிஜம் தெரியும். ஹை ஆக்டேன் பெட்ரோல்தான் போடணும், அதுல மிச்சம் புடிக்கப் பாக்காதீங்க.

டயர்தான் பெரிய ஓட்டை. ரெண்டு டன்னுக்கு மேல வெயிட்டு, அதுக்கு மேல அந்த பவரு, சீக்கிரமே தேஞ்சுடும். ஆல் வீல் டிரைவ்ங்கறதால ஒண்ண மட்டும் மாத்துனா சுத்தளவு வித்தியாசத்துல டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரத்துக்கு பவர பிரிச்சுக் குடுக்குற பாகம்) அடி வாங்கும், அதனால செட்டாவே மாத்த காசு ஒதுக்குங்க. வாங்கும்போது டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கிற கோடுல கடைசி நாலு நம்பர பாருங்க, 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை) இருந்தா ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க, ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தா லீக்கு. அத அப்படியே விட்டா அதுக்கு காத்தடிக்கிற கம்ப்ரஸரும் சேந்து போயிடும்.

முதல் தலைமுறை கயேன் வி8ல (எட்டு சிலிண்டர் இன்ஜின்) இன்ஜின கூலாக்குற தண்ணி போற கூலன்ட் பைப் பிளாஸ்டிக்கு, விரிசல் விடும், அலுமினியத்துக்கு மாத்தியாச்சான்னு பில்லு கேளுங்க. இன்ஷூரன்ஸ் கொட்டேஷன வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.