மோதல் கணக்கில் மார்க் போகும் இடங்கள்

பதினொன்றாம் வகுப்புக்குப் பெரம்பூரில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். உந்த மாறா விதியை (வெளிவிசை இல்லாவிட்டால், மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம், அதாவது நிறை பெருக்கல் திசைவேகம், மாறாது) நடத்தி முடித்த மறுநாளே, நாங்கள் படித்தபோது போட்ட அதே தவறுகள் விடைத்தாளில் வரிசை கட்டி நிற்கும். கிராமைக் கிலோகிராமாக மாற்றாதது, எதிர்த்திசைக்குக் கழித்தல் குறி போடாதது எல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு தடவை மார்க் போனால் தானாகச் சரியாகிவிடும்.

கட்டைக்குள் பாயும் குண்டு

கயிற்றில் 1.99 கிலோ மரக்கட்டை தொங்குகிறது. 10 கிராம் குண்டு பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 5 செ.மீ. உயர்கின்றன. குண்டு வந்த வேகம் என்ன?

பேனாவை எடுத்ததும் குண்டின் இயக்க ஆற்றலை உச்சியில் உள்ள நிலை ஆற்றலுக்குச் சமமாக எழுதிவிடுகிறார்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்தால் நிலை ஆற்றல் 1 ஜூல். வேகம் வினாடிக்கு 14 மீட்டர் வந்துவிடும். ஒரு பையன் அதற்குக் கட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்து நீட்டினான்.

"தம்பி, இது மணிக்கு 51 கிலோமீட்டர். மெரினாவில் டென்னிஸ் பந்து போடுறவன் இதைவிட வேகமா போடுவான். இந்தக் குண்டு கட்டைக்குள்ள எப்படிடா இறங்கும்?"

"ஆற்றல் அழியாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

இந்தப் பதில்தான் இன்றும் எரிச்சலைக் கிளப்புகிறது. மொத்த ஆற்றல் அழியாது, சரி. இயக்க ஆற்றல் இயக்க ஆற்றலாகவே இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? குண்டு மரத்தைக் கிழித்து, நசுக்கி, சூடாக்கிக்கொண்டே உள்ளே போகிறது. செலவெல்லாம் அங்கேதான்.

கணக்கை இரண்டாக வெட்டுங்கள். குண்டு புதையும் கணத்துக்கு உந்தம் மட்டும். கட்டை மேலே எழும்புவதற்கு ஆற்றல் மட்டும். பின்னாலிருந்து வந்தால், 5 செ.மீ. உயர வினாடிக்கு 1 மீட்டர் வேகம் வேண்டும். மொத்த நிறை 2 கிலோ, ஆக உந்தம் 2. அதைக் குண்டின் 0.01 கிலோவால் வகுத்தால் வினாடிக்கு 200 மீட்டர். குண்டு கொண்டுவந்தது 200 ஜூல், மோதலுக்குப் பின் மிஞ்சியது 1 ஜூல். மீதி 199 ஜூலைத் தொலைத்துவிட்டுத்தான் பையன் கட்டம் போட்டிருக்கிறான். நீட் மாதிரித் தேர்வில் அந்த 14 ஒரு விடையாக உட்கார்ந்திருக்கும். தொட்டால் வர வேண்டிய 4 போய், கையில் இருப்பதில் 1 கழியும்.

தலைகீழாகவும் போடுவார்கள். "மேலே போனதும் கட்டை நிக்குது, உந்தம் சுழி. அப்போ விதி பொய்யா சார்?" எழும்பும் நேரம் முழுக்கக் கயிறும் புவியீர்ப்பும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அங்கே உந்த மாறா விதிக்கு வேலையே இல்லை.

குண்டின் வேகத்தை அளக்கும் இந்தத் தொங்கு கட்டை ஊசலை 1742இல் விளக்கி எழுதியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்தவர், 1751இல் கடலூர்ப் பக்கம் புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். கிட்டத்தட்ட நம்மூர்க் கணக்கு. நாமே இப்படிப் போட்டால் எப்படி?

ஸ்டிரைக்கர் நிற்காது

வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேரம் யாரும் சொல்லித்தர வேண்டாம். தேர்வில் மட்டும், நேராக அடித்தால் ஸ்டிரைக்கர் நின்றுவிடும் என்று எழுதுகிறார்கள். இரண்டும் சமநிறையாக இருந்து, ஒன்று ஓய்வில் இருந்து, மோதல் நேருக்கு நேரான மீட்சி மோதலாகவும் (இயக்க ஆற்றல் குறையாத மோதல்) இருந்தால்தான் வேகம் அப்படியே கைமாறும். ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காய் 5 கிராமை ஒட்டி இருக்கும். மூன்றுக்கு ஒன்று என வைத்துப் போட்டால் ஸ்டிரைக்கர் பாதி வேகத்தில் முன்னே போகும், காய் ஒன்றரை மடங்கில் பறக்கும். காய்க்குப் பின்னாலேயே ஸ்டிரைக்கரும் குழியில் விழுந்து ஃபைன் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சாய்வாகப் பட்டால் 90 டிகிரியில் பிரியும் என்பதும் சமநிறைக்கு மட்டும்தான். இந்த நிறைகளுக்கு ஸ்டிரைக்கர் 20 டிகிரிகூட விலகாது.

"உராய்வு இருக்கே சார்"

இருக்கட்டும். மோதல் நடப்பது மில்லி வினாடிகளில். அதற்குள் உராய்வின் கணத்தாக்கு (விசை பெருக்கல் நேரம்) ஒன்றுமே இல்லை. மோதலுக்குச் சற்று முன்பும் சற்றுப் பின்பும் உள்ள வேகங்களை எடுங்கள். பத்து அடி உருண்ட பிறகு உள்ள வேகத்தை எடுத்துவிட்டு விதியைத் திட்டாதீர்கள்.

கீலில் மாட்டிய கோல் விதிவிலக்கு. மோதும் அதே கணத்தில் கீலும் பலமாகத் தள்ளும். அங்கே கீலைப் பற்றிய கோண உந்தம்தான் (சுழற்சிக்கான உந்தம்) மாறாது.

கோணத்தில் மோதினால்

உந்தச் சமன்பாடு எக்ஸ் திசைக்குத் தனி, ஒய் திசைக்குத் தனி.