வெள்ளையா விழுந்ததெல்லாம் ஹைட்ராக்சிஅபடைட் இல்லைங்க

பீக்கர்ல கால்சியம் நைட்ரேட், ப்யூரெட்ல டைஅமோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், சொட்டு சொட்டா விட்டா பால் மாதிரி வெள்ளையாகும், வடிகட்டி காயவச்சு ஹைட்ராக்சிஅபடைட்னு, அதாவது எலும்பு, பல்லுல இருக்கிற கால்சியம் பாஸ்பேட் வகைன்னு, லேபிள் ஒட்டிடுறோம். எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல நானும் அப்படித்தான் ஒட்டினேன், எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் எந்தக் கோணத்துல சிதறுதுன்னு பார்த்து படிகத்தை அடையாளம் காணுற சோதனை) வந்தப்போ 11.7 டிகிரில நெட்டையா ஒரு பீக், அது ப்ரஷைட்டோடது, அமிலப் பக்கத்துல வர்ற வேறொரு கால்சியம் பாஸ்பேட். மூணு வாரம் வீணாப் போச்சு.

அங்க நான் பண்ணின தப்புதான் நெறைய பேர் பண்றது, ஆரம்பத்துல ஒரு தடவை அம்மோனியா ஊத்தி பிஹெச் 10 வச்சுட்டு அப்புறம் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காம விட்டுடறது. ஹைட்ரஜன் பாஸ்பேட் அயனியிலிருந்து அபடைட் உருவாகும்போது 10 கால்சியத்துக்கு 8 ஹைட்ரஜன் அயனி கரைசலுக்குள்ள வெளிய வருது, அதாவது வீழ்படிவு விழ விழ கரைசல் தானாவே அமிலத்துப் பக்கம் போகும், அதோட நீங்க 70 டிகிரில சூடு வேற பண்ணினா அம்மோனியா ஆவியா ஓடிடும், ராத்திரி பூரா ஸ்டிர்ரர்ல விட்டுட்டு காலைல வந்தா பிஹெச் எங்கேயோ இருக்கும். 6க்குக் கீழ இறங்கிட்டா ப்ரஷைட் வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனால பாஸ்பேட் சேர்க்கிற நேரம் முழுக்க பக்கத்துலயே நின்னு அம்மோனியா விட்டுக்கிட்டே இருங்க, பீக்கரை மூடி வைங்க. மீட்டரை 4, 7 பஃபர்ல (பிஹெச் முன்கூட்டியே தெரிஞ்ச கரைசல்) மட்டும் காலிப்ரேட் பண்ணிட்டு 10ஐ அளக்காதீங்க, 10 பஃபரும் வேணும்.

அடுத்தது அவசரம். முதல்ல விழுறது படிகமே இல்ல, உருவமில்லாத கால்சியம் பாஸ்பேட். நிலைப்புத்தன்மை கம்மியான வடிவம்தான் முதல்ல வரும்னு வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1897லயே சொன்னாரே, இதுக்கு அப்படியே பொருந்தும். உடனே வடிகட்டினா எக்ஸ்ஆர்டில 30 டிகிரி பக்கம் ஒரு அகலமான மேடுதான் தெரியும். வீழ்படிவு விழுந்த அதே தாய்க்கரைசல்லயே 24 மணி நேரம் விடுங்க, சூடு இருந்தா சீக்கிரம் மாறும், மெக்னீசியம் கலந்திருந்தா லேட்டாகும். அந்த உருவமில்லாததுதான் வேணும்னா கதை தலைகீழ், தண்ணில கழுவி ஈரத்தோட ஓவன்ல வச்சா அங்கேயே அபடைட்டா மாற ஆரம்பிச்சிடும், குளிர்ந்த அம்மோனியா தண்ணில சட்டுனு கழுவி ஃப்ரீஸ் ட்ரை பண்ணணும், அதாவது உறைய வச்சு உலர்த்தணும்.

விகிதம் பத்தி. கால்சியம் 10க்கு பாஸ்பரஸ் 6, அதாவது 1.67ன்னு 23.6 கிராம் கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட்டும் 7.92 கிராம் பாஸ்பேட்டும் எடைபோட்டாச்சு, சரி. ஆனா அந்த நைட்ரேட் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி கசிஞ்சு போற உப்பு, பாட்டில்ல கட்டியா நனைஞ்சு கிடந்தா நீங்க எடைபோட்டதுல கூடுதல் தண்ணியும் சேர்ந்திருக்கும். அப்புறம், கலக்கின விகிதமும் படிகத்துக்குள்ள இருக்கிற விகிதமும் ஒண்ணுன்னு நம்பிடாதீங்க. கொஞ்சம் பொடியை 900 டிகிரி செல்சியஸ்ல சுட்டு எக்ஸ்ஆர்டி எடுத்துப் பாருங்க, கால்சியம் கம்மின்னா 31 டிகிரில பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் பீக் வரும், அதிகம்னா 37.4ல சுண்ணாம்பு, கால்சியம் ஆக்சைடு, தலைகாட்டும். பீட்டா வடிவம் சாதாரண தண்ணிக் கரைசல்ல நேரா விழாது, சூட்டுலதான் வரும், அதனால சுடாத பொடியில அது இருக்குன்னு பேப்பர்ல எழுதிடாதீங்க.

எக்ஸ்ஆர்டியை 20 டிகிரிலேர்ந்து ஓட்டுறதும் வேண்டாம், ஆக்டாகால்சியம் பாஸ்பேட்ங்கிற இன்னொரு வகையோட முக்கிய பீக் 4.7ல இருக்கு, ப்ரஷைட் 11.7, ரெண்டும் கண்ணுக்கே படாது.

தண்ணில கரைஞ்சிருக்கிற கார்பன் டைஆக்சைடாலதான் கார்பனேட் உள்ள வருது, அது வேண்டாம்னா தண்ணியைக் கொதிக்க வச்சு மூடி ஆறவிட்டு எடுங்க, இல்லன்னா எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு நிறமாலை) 1420, 1450, 870ல கார்பனேட் பட்டைகள் வந்து நிக்கும்.

கடைசியா எஸ்பிஎஃப் பண்றவங்களுக்கு, அதாவது ரத்தத் திரவத்தோட அயனி அளவை ஒட்டி கொகுபோங்கிற ஆராய்ச்சியாளர் சொன்ன உடல்திரவக் கரைசல் பண்றவங்களுக்கு, 36.5 டிகிரில பிஹெச் 7.40 இருக்கணும். கண்ணாடிப் பாத்திரத்துல கீறல் இருந்தா அங்கேயே படிகம் பிடிச்சுக்கும், வழவழப்பான பிளாஸ்டிக் எடுங்க, ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்தினதுக்கு அப்புறம்தான் கால்சியம் குளோரைடு. கலங்கிடுச்சுன்னா சூடு பண்ணிக் கரைக்கப் பார்க்காதீங்க, இந்த உப்புங்க சூட்டுல கரையறது அதிகமாகாது, குறையும், பால் பதப்படுத்துற மெஷின்ல சூடான இடத்துல பால் கல் படியுறதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கரைசலைக் கொட்டிட்டு பாத்திரத்தையும் கழுவி முதல்லேர்ந்து ஆரம்பிங்க.