மலை நடைக்கு மழை ஜக்கெற்: திருகோணமலையில் இருந்து போகிறவர்கள் பார்த்து வாங்க வேண்டியவை

திருகோணமலையில் மழை என்றால் குடை எடுப்போம். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களிடம் ரப்பர் றெயின்கோட் இருக்கும். இரண்டையும் நம்பி மலை ஏறக்கூடாது. மாத்தளைப் பக்க மலையான றிவர்ஸ்டன் காற்றில் குடை நிமிர்ந்து நிற்காது. ரப்பர் கோட்டுக்குள் மழை வராதுதான், ஆனால் ஏற்றத்தில் நடக்கிற உடம்பு மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேலும் வியர்க்கும். அது போக வழியில்லாமல் சேட்டிலேயே ஊறும். கொஞ்ச நேரத்தில் கோட்டுப் போட்டவரும் போடாதவரும் ஒரேயளவு நனைந்திருப்பார்கள்.

ஊரில் நனைந்தால் துவாயால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மலையில் அது ஆபத்து. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். சிவனொளிபாதமலை உச்சி 2243 மீற்றர். கடற்கரையில் இரவில் 26 பாகை இருந்தால் உச்சியில் விடியப்புறம் 12, 13தான் இருக்கும்; அதோடு காற்றும் அடிக்கும். ஈரப் பருத்திச் சேட்டோடு அந்தக் காற்றில் சூரியோதயத்துக்காக ஒரு மணித்தியாலம் நின்றால் பல் கிட்டும், கை விறைக்கும், வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடல்வெப்பமே இறங்கிவிடும். மழையைத் தடுத்து, வியர்வை ஆவியை வெளியே விடுகிற ஜக்கெற் இதற்காகத்தான்.

எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். வெளித்துணி நைலோனோ பொலியெஸ்ரரோ, அதன் உட்பக்கத்தில் மிக மெல்லிய ஒரு படலம் ஒட்டியிருக்கும். கோர்-டெக்ஸ் போன்றவற்றில் அந்தப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள்: நீர்த்துளி புக முடியாத அளவு சிறியவை, நீராவி தாராளமாகப் போகக்கூடிய அளவு பெரியவை. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் பொலியூரித்தேன் பூச்சு. அதில் பல வகைகளுக்குத் துளையே கிடையாது. ஈரத்தை உட்பக்கம் உறிஞ்சி வெளிப்பக்கம் ஆவியாக விடும்.

இரண்டிலும் ஆவியை வெளியே தள்ளுவது ஒன்றே: உள்ளே இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஊரில் 30 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு நாளில் வெளிக்காற்றின் நீராவி அழுத்தம் கிட்டத்தட்ட 3.4 கிலோபாஸ்கல். ஜக்கெற்றுக்குள் 33 பாகையில் வியர்வை நிறைந்தால் 5 வரும். வித்தியாசம் 1.6. மூடுபனி நிறைந்த 12 பாகை மலையில் வெளியே 1.4தான், உள்ளே 30 பாகையென்றால் 4.2. வித்தியாசம் 2.8. அதே ஜக்கெற் மலையில் கூடுதலாக வேலை செய்யும், கடற்கரையில் திணறும். ஆகவே கடையில் போட்டு ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டுகிறதே என்று நல்ல ஜக்கெற்றைத் திருப்பி வைக்காதீர்கள். அந்தச் சோதனை எதையும் காட்டாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிவனொளிபாதமலையின் நல்லதண்ணிப் பக்கப் படிகளில் மூச்சு வாங்க ஏறுகிறவரின் வியர்வை முழுவதையும் வெளியே விடக்கூடிய துணி எந்த விலையிலும் இல்லை. மீதியைக் காற்றோட்டம்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் எங்கள் மலைகளுக்கு வாங்கும்போது அக்குளுக்குக் கீழே திறக்கிற சிப் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். 25 சென்ரிமீற்றருக்குக் குறையாத நீளம், இரண்டு பக்கமிருந்தும் திறக்கும் இழுவை, பாக் தோளில் இருக்கும்போதே கை எட்டுகிற இடம். சாதாரணத் துணியும் அக்குள் சிப்பும் உள்ள ஜக்கெற், அக்குள் சிப் இல்லாத உயர்ந்த துணி ஜக்கெற்றைவிட இங்கே கூடுதலாக உதவும். குளிர்நாட்டு நடையாளர்களுக்காக எழுதும் விற்பனைக் குறிப்புகள் இதை இரண்டாம் பட்சமாக்கும். அவர்களுடைய காலநிலைக்கு அது சரி.

சிட்டையில் உள்ள எண்கள்

முதல் எண் மில்லிமீற்றரில் இருக்கும். துணியின் மேல் எத்தனை மில்லிமீற்றர் உயர நீர்த்தூண் நின்றால் ஒழுகத் தொடங்கும் என்பது அதன் பொருள். 10,000 என்றால் பத்து மீற்றர் நீர். விழுகிற மழைக்கு இவ்வளவு அழுத்தம் கிடையாது. பாக்கின் தோள்பட்டி அழுத்துகிற இடத்திலும், ஈரக் கல்லில் உட்காருகிற இடத்திலும்தான் அழுத்தம் ஏறும். 5,000க்குக் கீழே வேண்டாம். ஒருநாள் நடைக்கு 10,000 போதும். பாரமான பாக்குடன் நக்கிள்ஸில் இரண்டு மூன்று நாள் நடக்கிறவர்கள் 20,000 பார்க்கலாம். அதற்கு மேல் கொடுக்கிற காசு வீண்.

இரண்டாவது எண் 24 மணித்தியாலத்தில் ஒரு சதுர மீற்றர் துணி வழியே எத்தனை கிராம் நீராவி போகும் என்பது. இதை அப்படியே நம்ப முடியாது. அளக்கும் முறைகள் பல. துணியால் மூடிய கிண்ணத்தைக் கவிழ்த்து அளக்கும் முறையில் வருகிற எண், நிமிர்த்தி அளப்பதில் வருவதைவிடப் பல மடங்கு கூடும். துணி என்னவோ ஒன்றேதான். எந்த முறை என்று எழுதாவிட்டால் ஒரே நிறுவனத்தின் இரண்டு ஜக்கெற்றை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பாவியுங்கள். ‘ரெட்’ (RET) என்ற மதிப்பு, அதாவது ஆவி வெளியேறத் துணி காட்டும் தடை, போட்டிருந்தால் அது நம்பகமானது. இதில் எண் குறையக் குறைய நல்லது: 6க்குக் கீழே மிகச் சிறப்பு, 13 வரை நல்லது, 20க்கு மேல் போனால் ஏறக்குறைய ரப்பர் கோட்டுத்தான்.

பிறகு அடுக்கு. இரண்டு அடுக்கென்றால் உள்ளே வலைத்துணி தளர்வாகத் தொங்கும். பாரமும் சூடும் கூட, எங்களுக்கு ஏற்றதல்ல. இரண்டரை அடுக்கென்றால் உள்ளே துணிக்குப் பதிலாக மெல்லிய பூச்சு மட்டும்; 250 முதல் 350 கிராம் வரும், பாக்குக்குள் சின்னதாக மடியும். ஆனால் வெறுங்கையில் பட்டால் பிசுபிசுக்கும், தோள்பட்டி உரசி உட்பூச்சு சீக்கிரம் தேயும். மூன்று அடுக்கில் உட்துணியும் படலத்தோடு ஒட்டியிருக்கும்; பெரும்பாலும் 350 முதல் 500 கிராம், விலை கூட, பல வருடம் நிற்கும். வருடத்தில் ஒருதரம் யாத்திரை போகிறவருக்கு இரண்டரை அடுக்கு தாராளம்.

கடையில் கையால் பார்க்க வேண்டியது

ஜக்கெற்றை உட்புறம் புரட்டுங்கள். தையல் போன இடமெல்லாம் மெல்லிய டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசித்துளை ஒவ்வொன்றும் ஒரு ஒழுக்கு; டேப்தான் அதை அடைக்கிறது. தோளிலும் ஹூட்டிலும் மட்டும் டேப் ஒட்டி, பக்கத் தையலை அப்படியே விட்டிருந்தால் அது தூறலுக்கான ஜக்கெற். டேப்புகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடம், குறிப்பாக அக்குளும் கழுத்தும், முதலில் கிளம்பும். அங்கே விரல் நகத்தால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். ஓரம் எழுந்தால் வேண்டாம்.

இந்தச் சோதனை ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகளில் மிகமிக அவசியம். சிட்டையை வெட்டியிருப்பார்கள், எண் எதுவும் தெரியாது. நல்ல துணி மலிவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. டேப் சரியாக ஒட்டாததால் கழித்த ஜக்கெற்றும் அதே கொக்கியில் தொங்கும். துணியின் ஒரு பகுதியைக் குழியாக்கி ஒரு கை தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்து, அடியில் ரிசு பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் விடமாட்டார் என்றால் திருப்பித் தரும் உடன்பாட்டோடு வாங்கி வீட்டில் செய்யுங்கள். ஒட்டுகிற உட்பக்கமும், பொருக்காக உதிர்கிற வெள்ளைத் தூளும் பூச்சு செத்துவிட்டதற்கு அடையாளம்.

அளவு பார்க்கும்போது உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போடக்கூடிய இடம் வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள்: கீழ்விளிம்பு இடுப்புப் பட்டிக்கு மேல் ஏறக்கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியக்கூடாது. ஹூட்டைப் போட்டு இறுக்கி, தலையை இடமும் வலமும் திருப்புங்கள். ஹூட்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஹூட் நிற்க முகம் மட்டும் உள்ளே திரும்பினால் வழுக்குப் பாறையில் கால் வைக்கிற இடம் தெரியாது. முன்விளிம்பு கொஞ்சம் விறைப்பாக இருந்தால் மழை கண்ணில் வடியாது. கண்ணாடி போடுகிறவர்கள் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பொக்கற் பாக்கின் இடுப்புப் பட்டிக்கு மேலே இருக்க வேண்டும். முன் சிப்பில் ரப்பர் பூச்சு இருந்தாலும் அது நீரை முழுக்கத் தடுக்காது. உள்ளே ஒரு துணி மடிப்பும் இருப்பது நல்லது.

மலையில்

நல்ல ஜக்கெற்றைக் கெடுப்பது உள்ளே போடுகிற பருத்தி ரீசேட். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவியாகாமல் துணியில் ஊறிய நீரைப் படலம் எளிதில் வெளியே விடாது. விளையாட்டுக்குப் போடும் மெல்லிய பொலியெஸ்ரர் ரீசேட் போதும். மழை இல்லாதபோது ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பூரணையில் இருந்து வைகாசி வெசாக் வரை பருவம். பலர் அடிவாரக் குளிருக்குப் போட்ட ஜக்கெற்றோடேயே இரவு முழுக்க ஏறி, உச்சியில் உள்ளும் புறமும் நனைந்து நடுங்குகிறார்கள். அடிவாரத்தில் கொஞ்சம் குளிரக் குளிரத் தொடங்குங்கள், பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். பொலித்தீன் பையில் சுற்றிய உலர்ந்த ரீசேட் ஒன்றை உச்சியில் மாற்றி, அதற்கு மேல் ஜக்கெற்றைப் போடுங்கள்.

மழையில் நடந்து உள்ளே ஈரம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒழுக்கு ஓரிடத்தில் இருக்கும்: தோள், சிப் ஓரம், தையல். முன்கையிலும் முதுகிலும் பரவலாக ஈரம் என்றால் அது உங்கள் வியர்வை, குளிர்ந்த துணியில் பட்டு நீரானது. அக்குள் சிப்பைத் திறந்து நடையைக் குறையுங்கள்.

கழுவுதலும் வைப்பும்

வெளித்துணியில் நீர் முத்து முத்தாக உருளச் செய்வது படலம் அல்ல, மேலே பூசிய நீர் விலக்கும் பூச்சு. அது போனால் துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துப் பாரமாகும். படலம் நன்றாயிருந்தாலும் ஆவி வெளியேற இடமிருக்காது. இன்றைய ஜக்கெற்றுகளில் பலவற்றுக்கு புளோரின் சேராத பூச்சுத்தான் வருகிறது. அது தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்களின் ஹூட்டும் கழுத்துப்பட்டியும் முதலில் நனையத் தொடங்குவது இதனால்தான். நடைக்கு முதல்நாள் எண்ணெய் வைக்காதீர்கள், அல்லது ஹூட்டுக்குள் மெல்லிய தொப்பி போடுங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவலாம். கழுவினால் கெட்டுவிடும் என்பது தவறு, ஊத்தையும் வியர்வை உப்பும்தான் கெடுக்கும். சிப்பெல்லாம் பூட்டி, வெல்க்ரோவை ஒட்டி, 30 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் திரவச் சவர்க்காரம் கொஞ்சமாகப் போட்டு அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் கழுவுங்கள். வாசனைக்கு ஊற்றும் துணி மென்மையாக்கியும் பிளீச்சும் கூடவே கூடாது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். காய்ந்த பிறகு சிட்டையில் அயன் அடையாளம் இருந்தால், மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாமல் மிகக் குறைந்த சூட்டில் வெளிப்பக்கத்தைத் தேயுங்கள். சூடு பட்டால் பூச்சு மறுபடி உயிர்க்கும். பிறகும் தண்ணீர் உருளாவிட்டால் தெளிக்கிற வகைப் பூச்சு வாங்கி வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள்.

கடற்கரை வெக்கையும் ஈரமும் பொலியூரித்தேன் பூச்சுக்கு எமன். நீராவி அதைச் சிறிது சிறிதாக உடைத்துப் பிசினாக்கும். ஒரு வருடம் பொலித்தீன் பையில் சுருட்டிய ஜக்கெற்றோ, வெய்யிலில் நிற்கும் வாகனத்தின் பின்பெட்டியில் கிடந்ததோ போடாமலேயே செத்துப்போகும். நன்றாகக் காய்ந்தபின் அலுமாரியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள், உலோகச் சிப் இழுவையில் உப்புப் படிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். கிளம்பிய டேப்பைத் திரும்ப ஒட்டலாம், சின்னக் கிழிசலை ஸ்பிரிட்டால் துடைத்து மூலை உருட்டி வெட்டிய ஒட்டுத்துண்டால் மூடலாம். உட்பூச்சு பிசினாகிவிட்டால் திருத்த வழியில்லை. அந்த ஜக்கெற்றை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.