கடிக்கும் நாய்க்குட்டியை அடிக்காமல் வழிக்குக் கொண்டுவர

குட்டி கடித்தால் மூக்கில் ஒரு தட்டு தட்டுங்கள், சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அடி வாங்கிய குட்டி கை நெருங்கினாலே மிரளும், இல்லையென்றால் முந்திக்கொண்டு கடிக்கும். வாயை இறுக்கிப் பிடிப்பதும், மல்லாக்கத் தள்ளி அமுக்குவதும் இதே ரகம்தான்.

கூடப் பிறந்த குட்டிகளோடு உருளும்போது கடி பலமாக விழுந்தால், கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டிலிருந்து விலகிவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டிகள் அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. 8 வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீக்கிரமே பிரிந்து வந்த குட்டி என்றால் அந்தப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும்.

பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் இன்னும் ஆவேசமாகப் பாயும். கையைத் தளரவிட்டு, பேசாமல் எழுந்து திரும்பி நில்லுங்கள். காலைப் பிடித்தால் அறையைவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து கையில் ஒரு பொம்மையோடு விளையாட்டைத் தொடருங்கள். பொம்மையைக் கவ்வினால் அந்த நொடியே பாராட்டுங்கள். ‘ஆ’ என்று கத்தச் சொல்வார்கள். சில குட்டிகள் அதற்கு அடங்கும், சில குட்டிகளுக்கு அதுவே குஷியாகிவிடும். உங்கள் குட்டி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பது ரொம்ப முக்கியம். நீங்கள் விலகிப்போக, தம்பி கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டால் ஒன்றும் நடக்காது.

பலரும் கவனிக்காத ஒன்று தூக்கம். சின்னக் குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூக்கம் வேண்டும். எங்கள் மணி குட்டியாக இருந்தபோது சாயங்காலமானால் பேய் பிடித்ததுபோல் ஆகிவிடுவான். கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவான், அப்புறம் என் பேண்ட் நுனியைப் பிடித்து உறுமிக்கொண்டே இழுப்பான். சேட்டை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணைப் பார்த்தால் தெரியும், இமை பாதி சொருகியிருக்கும். விளக்கை அணைத்து, மெல்ல ஒரு பொம்மையைக் கொடுத்து, அவன் படுக்கையில் விட்டால் கொஞ்ச நேரத்தில் வாயில் பொம்மையோடு தூங்கிப்போவான். உங்கள் குட்டியும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் மட்டும் வெறிபிடித்துக் கடிக்கிறது என்றால், முதலில் தூங்கவைத்துப் பாருங்கள்.

அடுத்தது பல். ஏறக்குறைய 4 மாதத்தில் 28 பால்பற்களும் விழத் தொடங்கி, 6, 7 மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமக்கும். ஒரு துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கொடுங்கள், பக்கத்திலேயே இருந்து. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

செருப்பைக் கடித்தால்? எடுத்து உயரத்தில் வையுங்கள். வாயில் எதையாவது வைத்திருந்தால் துரத்திப் பிடுங்காதீர்கள். அதைவிடப் பிடித்த ஒரு தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கினால் பிறகு தட்டின் பக்கம் போனாலே உறுமும். மேலே தாவினால் திரும்பிக்கொள்ளுங்கள், நான்கு காலும் தரையில் இருக்கும்போது தடவிக்கொடுங்கள்.

உறுமுவதற்காக மட்டும் திட்டாதீர்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அது சொல்லும் வழி அதுதான். அதை அடக்கிவிட்டால் அடுத்தமுறை சொல்லாமலே கடிக்கும். உடல் விறைத்து, அசையாமல் முறைத்து, சாப்பாட்டுக்கோ தொடுவதற்கோ நிஜமாகவே பாய்ந்தால் அது விளையாட்டுக் கடி அல்ல. எங்காவது வலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் பட்டுத் தோல் கிழிந்தால், எவ்வளவு சின்னக் குட்டியாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்குப் பெரும்பாலும் 3 மாத வயதில்தான் போடுவார்கள்.